கொழுப்பே சாப்பிடாமல் கொழுப்பு எப்படி டொக்டர் கூடும்?

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. ஆள் யாரென்று தெரியக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் த்ரீவீல் ஓட்டுகிறார். வயது 41, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 78 கிலோ, இடுப்பு 38 அங்குலம். நான்கு மாதத்துக்கு முன் ஏதோ வயிற்று உபாதை என்று டவுனுக்குப் போனவருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரோல் 238 என்றும், ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றும் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையுங்கள்" என்றார்களாம். இவர் குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டார். தேங்காய்ப்பால், சம்பல், தேங்காயெண்ணெய், முட்டை, கச்சான், பட்டர் புரூட் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. கறியெல்லாம் தண்ணீரில் அவித்தது. எழுபது வயது மாமியாருக்கும் அதே சாப்பாடுதான், இருபது மாதக் குழந்தைக்கும் அதேதான். குழந்தைக்குப் பால்மாகூட 'கொழுப்பு நீக்கியது'. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் மொத்தக் கொலஸ்ட்ரோல் 221க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் ட்ரைகிளிசரைட் என்ற ஒன்று 290இலிருந்து 340க்கு ஏறியிருக்கிறது. "கொழுப்பே சாப்பிடாமல் கொழுப்பு எப்படி டொக்டர் கூடும்? இனி எதை நிறுத்துவது?" என்று கேட்கிறார். மாத்திரையைக் கணவர் இறைச்சி சாப்பிட்ட நாட்களில் மட்டும் போடுகிறாராம். கடைசியில், தீபாவளி வருகிறது, முறுக்கு சுடக்கூடாது என்று சொன்னதற்கு மாமியார் அழுதுவிட்டார், நான் செய்தது சரியா பிழையா என்றும் ஒரு வரி.

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு ஒன்று என்றதும் அன்றைக்கே சமையலறையைத் தலைகீழாக மாற்றிய மனுஷி நீங்கள். கிளினிக்கில் நான் பத்து வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லியும் ஒரு கரண்டி சீனியைக் குறைக்காதவர்களைப் பார்த்துப் பழகியவன், அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மரியாதைதான் வந்தது. ஆனால் நீங்கள் பிடித்த கள்ளன் வேறு, வீட்டுக்குள் இருக்கும் கள்ளன் வேறு. அதைப் பேசுவதற்கு முன் ஒரு அவசர வேலை இருக்கிறது.

பாப்பாவின் சாப்பாட்டை இன்றைக்கே மாற்றுங்கள்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. பிள்ளையின் மூளை வேகமாக வளர்கிற காலம் இது, அந்த வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும். சின்ன வயிறு, அதில் நிறையச் சோற்றை அடைக்க முடியாது, கொஞ்சச் சாப்பாட்டில் நிறைய சக்தி கிடைக்க வேண்டுமென்றால் அதற்குக் கொழுப்பை விட்டால் வழியில்லை: ஒரு கிராம் மாச்சத்தும் ஒரு கிராம் புரதமும் நான்கு கலோரி தந்தால் ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது தரும். விட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் உடம்பில் சேருவதற்கும் சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருக்க வேண்டும். கரட்டையும் கீரையையும் வெறும் தண்ணீரில் அவித்து ஊட்டினால் அதிலிருக்கிற சத்தில் ஒரு பகுதி வீண்.

பிள்ளையின் எடை இரண்டு மாதமாக 9.1 கிலோவிலேயே நிற்கிறது, "பல் முளைப்பதால் இருக்கும்" என்று நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். பல்லின் மேல் பழியைப் போடாதீர்கள். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிற எடைக் கோடு படுத்துக்கொண்டு போனால் அதற்குக் காரணம் தேட வேண்டும், இங்கே காரணம் உங்கள் அடுப்பிலேயே இருக்கலாம். கொழுப்பு நீக்கிய பால்மாவை நிறுத்திவிட்டு முழு ஆடைப் பாலுக்கு மாறுங்கள். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் தாராளமாகத் தொடருங்கள். சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ பட்டரோ பிசைந்து கொடுங்கள், பருப்பைத் தேங்காய்ப்பாலில் வையுங்கள், ஒரு முழு முட்டை கொடுங்கள், நெத்தலியை வறுத்துப் பொடியாக்கிச் சோற்றில் தூவுங்கள், பட்டர் புரூட்டைச் சீனி போடாமல் மசித்துக் கொடுங்கள். கச்சானை முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நன்றாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். இந்தக் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் கொண்டுபோய் எடை பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை ஏசமாட்டார். ஒருவேளை ஏசினால், அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மாமியார் விஷயமும் இதேதான். முப்பத்தெட்டுக் கிலோ, கொழுந்து எடுத்தே தேய்ந்த உடம்பு, கொலஸ்ட்ரோல் சோதித்ததுகூட இல்லை. அவருக்கு எதற்குப் பத்தியம்? அந்த வயதில் எடை இறங்குவதுதான் ஆபத்து. கால் தசை கரைந்து, லயத்துப் படியில் ஒருநாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் கொலஸ்ட்ரோலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவருக்கு முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், சம்பல் கொடுங்கள்.

ரிப்போட்டில் நான்கு வரி இருக்கிறது

சரி, இப்போது வீட்டுக்காரர். "கொழுப்பு கூடிவிட்டது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தத் தாளில் நான்கு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. நீங்கள் அனுப்பியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்டிஎல், முதலில் 146, இப்போது 122. நல்லது. இறங்கியிருக்கிறது. நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்டிஎல், முதலில் 34, இப்போது 31. ஆண்களுக்கு 40க்கு மேல் இருந்தால் நல்லது, இவருக்கு முதலிலேயே குறைவு, இப்போது இன்னும் குறைவு. ட்ரைகிளிசரைட் 150க்குள் இருக்க வேண்டியது 290ஆக இருந்தது, இப்போது 340. நான்காவது வரி மொத்தக் கொலஸ்ட்ரோல்: எல்டிஎல், எச்டிஎல், அதோடு ட்ரைகிளிசரைட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இவை சேர்ந்ததுதான் அந்த மொத்தக் கணக்கு. நீங்கள் மொத்தத்தை மட்டும் பார்த்து ஒருநாள் சந்தோஷப்பட்டு, மறுநாள் ட்ரைகிளிசரைட்டைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறீர்கள்.

ட்ரைகிளிசரைட் எங்கிருந்து வருகிறது? பெயரைப் பார்த்தால் கொழுப்பு, உண்மையிலும் கொழுப்புத்தான், ஆனால் அதைக் கூட்டுவதற்கு நீங்கள் கொழுப்புச் சாப்பிட வேண்டியதே இல்லை. தேவைக்கு மேல் உள்ளே போகிற மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது, மிச்சத்தைத் தன்னிலேயே அடுக்கிவைத்துக்கொள்கிறது. ஸ்கேனில் தெரிந்தது அந்த அடுக்குத்தான். ஈரலில் இருப்பது கொழுப்பு என்றாலும் அது வடையிலிருந்து நேராகப் போய் ஒட்டிக்கொண்ட எண்ணெய் அல்ல. சாராயமும் இதே வேலையைத்தான் செய்யும், இன்னும் வேகமாக.

இனி உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். "தேங்காய் போடாததால் கறி ருசியில்லை என்று ரொட்டியை இரண்டு கூடுதலாகச் சாப்பிடுகிறார்." ஒரு கிலோ கோதுமை மாவில் பன்னிரண்டு ரொட்டி சுடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு ரொட்டியில் எண்பது கிராமுக்கு மேல் மா, ஏறக்குறைய 300 கலோரி. காலையில் இரண்டு மூன்றாகிவிட்டது, இரவில் இரண்டு மூன்றாகிவிட்டது. ஒரு நாளைக்கு 600 கலோரி புதிதாக உள்ளே வந்திருக்கிறது, முழுக்க வெள்ளை மா. தேங்காயை வாசலால் அனுப்பினீர்கள், மா ஜன்னலால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் தேத்தண்ணீர். ஸ்டாண்டில் நின்று ஹயருக்குக் காத்திருக்கும்போது குடிப்பதையும் சேர்த்து ஏழு கோப்பை, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. என் மேசையில் ஒரு சின்னத் தராசு இருக்கிறது, கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் சீனிப் போத்தலைக் கொடுத்து "வீட்டில் போடுகிற மாதிரியே போடுங்கள்" என்பேன். போன மாதம் ஒரு ஐயா, "நான் இரண்டு கரண்டிதான்" என்று சொல்லிக்கொண்டே, கரண்டியில் குன்று மாதிரி குவித்து இரண்டு தரம் போட்டார். தராசு 15 கிராம் காட்டியது. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி நான்கு கிராம்தான், ஆக அவர் போட்டது ஏறக்குறைய நான்கு கரண்டி. அவரே குனிந்து தராசைப் பார்த்துவிட்டு, "இது பழுது டொக்டர்" என்றார்.

உங்கள் வீட்டுக்காரர் மட்டமாகத்தான் போடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு கோப்பைக்கு 84 கிராம், மாதம் இரண்டரைக் கிலோ சீனி அவர் ஒருவருக்கு மட்டும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, எப்படிப் போனாலும் 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு. நம்முடைய மலையில் விளைந்த நல்ல தேயிலைக்கு இவ்வளவு சீனி எதற்கு என்று எனக்குப் பல நாள் கோபம் வரும், பிறகு நினைத்துப் பார்த்தால், நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிப் போக, லயத்துக்கு வந்தது தூள்தானே, அதைக் குடிக்கச் சீனி வேண்டியிருந்தது.

நானும் லயத்தில் பிறந்தவன், ரொட்டியைப் பழித்தால் எனக்கே பொறுக்காது. என் அம்மா காலையில் இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார், கூடையோடு நாள் முழுக்க ஏறி இறங்குவார், பின்னேரம் அந்த ரொட்டியின் சுவடே உடம்பில் இருக்காது. உங்கள் மாமியாரும் அப்படித்தான். அது மலை ஏறிய ரொட்டி. உங்கள் வீட்டுக்காரருடையது த்ரீவீல் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ரொட்டி. சாப்பாடு மாறவில்லை, வேலை மாறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 49,000 பெண்களை வைத்துப் பெரிய ஆய்வொன்று நடந்தது. ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, எட்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள், 2006இல் முடிவு வெளிவந்தபோது மாரடைப்பு சொல்லும்படியாகக் குறையவில்லை. கொழுப்பை எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் காரியம். வெள்ளை மாவையும் சீனியையும் வைத்தால் பலனில்லை. மீன், கடலை, பருப்பு, திரவ எண்ணெய் இவற்றை வைத்தால் இருதயத்துக்கு நல்லது.

அப்படியானால் தேங்காய் நல்லதா?

இந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டு ஒரு முழுத் தேங்காயை உடைத்துவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிற 'வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் குடித்தால் இரத்தக் குழாய் அடைப்பு கரையும்' என்கிற செய்தியும் பிழைதான். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லைக் கூட்டும். நல்ல கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை, அதைக் காட்டித்தான் இந்தச் செய்திகள் ஓடுகின்றன, ஆனால் அதனால் எல்டிஎல் செய்கிற கெடுதல் ஈடாகிவிடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளிவந்த ஒரு கணக்கில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஏறக்குறைய 10 புள்ளி கூட்டியது. உங்கள் வீட்டுக்காரரின் எல்டிஎல் 146இலிருந்து 122க்கு வந்ததற்குத் தேங்காய் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம், இடைக்கிடை போட்ட மாத்திரையும் இருக்கலாம். ஆகவே அந்தப் பகுதியில் நீங்கள் முழுப் பிழை செய்யவில்லை.

அளவுதான் விஷயம். நூறு கிராம் துருவிய தேங்காயில் 33 கிராம் கொழுப்பு, அதில் ஏறக்குறைய 30 நிறைவுற்றது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்சவரம்பே 22 கிராம்தான். ஆனால் யார் நூறு கிராம் சாப்பிடச் சொன்னார்கள்? இரண்டு மேசைக்கரண்டி சம்பலில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, துருவலில் நார்ச்சத்தும் இருக்கிறது. கறிக்கு முதல்பாலைக் குழந்தைக்கும் மாமியாருக்கும் வைத்துவிட்டு இரண்டாம் பாலில் அவருக்குச் சமையுங்கள். தாளிக்கவும் பொரிக்கவும் வேறு எண்ணெய் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள், சோயா, சூரியகாந்தி, நல்லெண்ணெய் எது கட்டுப்படியாகுமோ அது. பாம் எண்ணெய் மலிவுதான், ஆனால் அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், மாதம் இரண்டு போத்தலுக்குள் முடித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே வரும், அது தாராளம்.

போத்தலில் 'கொலஸ்ட்ரோல் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பொய்யில்லை. ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் கிடையாது. தேங்காயெண்ணெயிலும்தான். கொலஸ்ட்ரோல் மிருகங்களிலிருந்து வருகிற உணவில் மட்டும்தான் இருக்கும். 'இந்தப் பாணில் எலும்பு இல்லை' என்று ஒட்டி விற்பது மாதிரித்தான் இது.

முட்டையை ஏன் விரட்டினீர்கள்?

முட்டைக்குக் கெட்ட பெயர் வந்த கதை பழையது. 1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் என்கிற விஞ்ஞானி கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார், முயல்களின் இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்தது. பெரிய கண்டுபிடிப்புத்தான், ஆனால் முயல் புல் தின்கிற பிராணி, அதன் சாப்பாட்டில் கொலஸ்ட்ரோலே கிடையாது, அதற்கு அதைச் சமாளிக்கத் தெரியவில்லை. நமக்கு அப்படியில்லை. உடம்பிலிருக்கிற கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை ஈரலே செய்துகொள்கிறது, சாப்பாட்டில் கொஞ்சம் கூடினால் பெரும்பாலானவர்களுக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, அந்த இலக்கத்தை 2015இல் எடுத்துவிட்டது. ஒரு மஞ்சள் கருவில் இருப்பது 190 மில்லிகிராம் அளவில். நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரைக் கிராம்தான், ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் பன்னிரண்டு கிராம் இருக்கிறது. வீட்டுக்காரர் கிழமைக்கு நான்கு, ஐந்து முட்டை சாப்பிடட்டும், அவித்ததாகவோ கொஞ்சம் எண்ணெயில் பொரித்ததாகவோ. உங்களுக்கும் ஒன்று வையுங்கள். பத்து மணிக்கெல்லாம் பசித்து, முன்பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து கிரீம் பிஸ்கட் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, காலையில் முட்டையோ கடலையோ இல்லாமல் வெறும் ரொட்டியும் தண்ணீர்க்கறியும் சாப்பிட்டால் பத்து மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கிரீமுக்குள் என்ன இருக்கிறது என்று பைக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள், நீங்கள் அடுப்பங்கரையிலிருந்து துரத்திய அதே நிறைவுற்ற கொழுப்பு, கூடவே சீனி. பைக்கற்றில் சீனி, உப்பு, கொழுப்புக்கு நிறவட்டம் போட்டிருப்பார்கள், சிவப்பு தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

கச்சானும் பட்டர் புரூட்டும் கொழுப்புத்தான், ஆனால் பெரும்பாலும் நல்ல வகை. ஒரு கைப்பிடி கச்சான் அவருக்கு வடையைவிட எவ்வளவோ மேல். பட்டர் புரூட் உங்கள் கொல்லையிலேயே காய்த்து விழுகிறதாம், அதைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு பிஸ்கட் வாங்குகிறீர்களாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. டின் மீனும் நல்லது, எண்ணெய் மீனில் இருதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 இருக்கிறது. கருவாடென்றால் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவுங்கள், அங்கே பிரச்சினை கொழுப்பு இல்லை, உப்பு.

எலுமிச்சையும் சுடுதண்ணீரும் கொழுப்பைக் கரைக்காது. சாராயமும் கரைக்காது, ஸ்டாண்டில் யார் சொன்னாலும். கொறக்காயை மீன்கறியில் போடுங்கள், ஆனால் அதன் சாற்றை எடுத்து மெலிவதற்கென்று விற்கிற கப்சூல் வேண்டவே வேண்டாம், சிலருக்கு ஈரல் பழுதாகியிருக்கிறது. அவருடைய ஈரல் ஏற்கனவே போதுமான கஷ்டத்தில் இருக்கிறது.

மாத்திரை இறைச்சிக்கு மருந்தல்ல

இது முக்கியம். இறைச்சி சாப்பிட்ட நாளில் மட்டும் போடுவதற்கு அது வயிற்றுப் பொருமல் மாத்திரை இல்லை. நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால் அட்டோர்வாஸ்டாட்டின். அன்றைக்குச் சாப்பிட்டதைக் கரைக்கிற வேலை அதற்கில்லை. ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைத்து, இரத்தத்திலிருக்கிற எல்டிஎல்லை ஈரல் கூடுதலாக இழுத்துக்கொள்ளச் செய்கிறது. அதனால்தான் தினமும் போட வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் டொக்டருக்கும் குழப்பம், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதாகப் பயப்படுகிறீர்கள். சாதாரண அளவில் அப்படிக் கெடுப்பதில்லை. கவனிக்க வேண்டியது தசை வலி. காரணமில்லாமல் உடம்பு முழுக்கத் தசை வலித்தாலோ, சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ உடனே காட்டுங்கள். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் வயது, பிரஷர், சீனி, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவருடைய அப்பா 49 வயதில் "நெஞ்சு வலித்து மலையிலேயே போய்விட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை டொக்டரிடம் சொன்னீர்களா? கட்டாயம் சொல்லுங்கள், முடிவையே மாற்றக்கூடிய செய்தி அது.

இன்னொன்று. வெறும் வயிற்றுச் சீனி 112, "சுகர் இல்லை என்றார்கள்" என்றீர்கள். இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது. இடுப்பு 38 அங்குலம், நம் ஆட்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். பெரிய வயிறு, குறைந்த எச்டிஎல், கூடிய ட்ரைகிளிசரைட், ஏறுகிற சீனி, ஈரலில் கொழுப்பு, எல்லாம் ஒரே மரத்துக் கிளைகள்.

செய்ய வேண்டியதைப் பெரிதாக்கவில்லை. ரொட்டியை நேரத்துக்கு ஒன்றரையாகக் குறைத்து, மாவில் பாதியைக் குரக்கனாக்கி, மிச்சப் பசிக்குப் பருப்பு, கௌபி, கடலை, கோவா, போஞ்சி, கீரை. சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டியாக இறக்குங்கள், ஒரே நாளில் நிறுத்தினால் ஸ்டாண்டில் போய்க் குடிப்பார். சனி ஞாயிறு சாராயத்தை முதல் மூன்று மாதத்துக்கு முழுதாக விடச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும் என்றால், டொக்டர் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பந்தியை மட்டும் காட்டுங்கள். பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்கட்டும், மலைநாட்டில் நடப்பதற்கு ஏற்றம் தேடிப் போகத் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து, முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிற்றோடு போய் மறுபடி இரத்தம் கொடுங்கள், தைரொயிட்டையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் கொலஸ்ட்ரோல் கூடும். காசு செலவழித்துத் தனியாரிடம்தான் போக வேண்டுமென்றில்லை, 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷர், சீனியெல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ நெஞ்செரிச்சல் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கவைக்காதீர்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

இனி முறுக்கு. சுடுங்கள், தங்கச்சி. புது எண்ணெயில் சுடுங்கள், சுட்ட எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்துக் கறுத்துப்போகும்வரை மறுபடி மறுபடி பொரிக்காதீர்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு கொடுத்துவிட்டு டின்னை மாமியாரின் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுங்கள், அங்கிருந்து அவர் எடுக்கமாட்டார். பாப்பாவுக்குச் சின்னத் துண்டாக உடைத்து, ஊறவைத்து, அந்த அம்மாவின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.